ஐயாயிரமாவது ஆள்

எங்கள் ஊர் நகரமாகிவிட்டது. ஒரு பெரிய கடை, ஒரு மருந்துக்கடை, முடி வெட்ட இரண்டு இடம், ஒரு ரவுண்டானா, செவ்வாய்க்கிழமை தோறும் மூடிக் கிடக்கும் சீனச் சாப்பாட்டுக் கடை. இவ்வளவும் சேர்ந்தால் ஸ்ட்ரெம்விக் நகரம். இதே சாமான்களோடு, நகரமாவதற்கு முந்தைய வாரம்வரை இது வெறும் ஊராக இருந்தது. என்னதான் மாறியது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். ஊராட்சி மன்றத்தில் கை தூக்கினார்கள், நான் அதைத் தட்டச்சு செய்து தலைநகரத்துக்கு அனுப்பினேன், அங்கே யாரோ கோப்பில் சொருகினார்கள். அவ்வளவுதான் மாறியது. முப்பத்தோரு வருடமாக ஊராட்சி அலுவலகத்தின் முகப்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் டூரிட். எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் காகிதம் அசையாது.

இந்தக் கூத்துக்காகப் பாதி ஆயுளைத் தொலைத்தவன் கோல்பெய்ன் ரோட்செட். படகுத்துறைக்கு எதிரே பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். பள்ளியில் என் வகுப்பு. கணக்கில் மந்தம், கர்வத்தில் முதல் மாணவன். பத்தொன்பது வயதில் தொழில் படிக்கப் பெரிய நகரமான ட்ரொண்ட்ஹெய்முக்குப் போய் ஒரு வருடம் இருந்தான். அங்கே அறை வாடகைக்கு விட்ட அம்மாள் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள். ஸ்ட்ரெம்விக் என்றிருக்கிறான். "அது எந்த டவுனுக்குப் பக்கத்துல இருக்கு?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஃபியோர்டுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்கழிக்கு, அந்தப்புறம் இருக்கும் ஹோல்நெஸ்ஸின் பெயரை இவன் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு ஹோல்நெஸ்ஸும் டவுன் கிடையாது, ஆனால் கப்பல் நிற்கும் இடம். வேறொருவனாக இருந்தால் அடுத்த வேளைச் சோற்றோடு மறந்திருப்பான். இவன் நாற்பது வருடம் அதை மென்றுகொண்டிருந்தான்.

ஊருக்குத் திரும்பினான், அப்பாவின் படகு எஞ்சின் பட்டறையைப் பெயிண்ட் கடையாக்கினான், ரக்ன்ஃப்ரிட்டைக் கட்டிக்கொண்டான். ரக்ன்ஃப்ரிட் முதியோர் இல்லத்தில் நர்ஸ். நல்லவள் என்று சும்மா சொல்லவில்லை. சாகக் கிடக்கும் கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்காருவாள், காலையில் வீட்டுக்குப் போய் இவனுக்குக் காப்பி போடுவாள். ஒரே மகள் இங்வில். அவளும் பின்னாளில் ட்ரொண்ட்ஹெய்முக்குத்தான் படிக்கப் போனாள். கோல்பெய்ன் ஊராட்சி மன்றத்தில் உறுப்பினர் ஆனான். ஆன நாள் முதல் ஒரே பேச்சு, ஸ்ட்ரெம்விக் நகரமாக வேண்டும்.

தொண்ணூற்றாறில் அதற்கு வழி பிறந்தது. யார் நகரம், யார் இல்லை என்பதை இனி அந்தந்த ஊராட்சியே முடிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. ஆள் கணக்கு கிடையாது, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். மன்றத்தில் கை தூக்கினால் போதும். கோல்பெய்ன்தான் தீர்மானத்தைக் கொண்டுவந்தான். அக்டோபர் முதல் வாரம் கூட்டம் என்று நான் சுற்றறிக்கை அனுப்பினேன். அப்போதுதான் இந்த மகாபுத்திசாலி எழுந்து நின்றான்.

"தலைவரே, அந்த வாரம் எல்க் மான் வேட்டை ஆரம்பிக்குது. பாதிப் பேரு காட்டுல இருப்போம். நகரம் எங்க ஓடிடப் போவுது? வேட்டை முடிஞ்சு வச்சுக்கலாமே."

இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேர் கை தூக்கினார்கள். தூக்காதவர் கணக்கு டீச்சர் ஒருவர்தான். தலைவர் உள்பட எல்லாரும் துப்பாக்கிக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்கள். கோல்பெய்ன் வேட்டைக் குழுத் தலைவன் வேறு. அந்த வருடம் பெரிய ஆண் மான் ஒன்றைச் சுட்டான். நவம்பரில் கூட்டம் கூடியபோது பள்ளிக்கூடக் கூரை பேச்சு வந்து நேரம் போயிற்று. டிசம்பரில் வரவுசெலவுத் திட்டம். வசந்தத்தில் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் தலைநகரத்தில் யாருக்கோ விழிப்பு வந்துவிட்டது. போகிற வருகிற மீன்பிடித் துறையெல்லாம் நகரம் என்று பலகை மாட்டுகிறதே என்று, ஊராட்சியில் ஐயாயிரம் பேராவது இருக்க வேண்டும் என விதி போட்டார்கள். எங்களிடம் இருந்தது நாலாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு.

ஹோல்நெஸ்காரர்கள் செப்டம்பரிலேயே கை தூக்கி முடித்திருந்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேர், கேக் வெட்டி நகரமானார்கள். அடுத்த கோடையில் அங்கிருந்து படகில் வந்தவர்கள் கோல்பெய்ன் கடைக்குள் நுழைந்து, "கிராமத்துல வெள்ளப் பெயிண்ட் கெடைக்குமா? டவுன்ல தீந்துபோச்சு" என்று கேட்பார்கள். வாளியை எடுத்துக் கொடுப்பான். காது மட்டும் சிவந்துவிடும். எனக்குப் பார்க்கச் சிரிப்பாக வரும், மறைக்க மாட்டேன்.

அப்புறம் பதினோரு வருடம் நூற்று முப்பத்தெட்டு மனிதர்களைத் தேடி அலைந்தான். புதிதாகக் குடிவரும் குடும்பத்துக்கெல்லாம் ஒரு வாளி பெயிண்ட் இனாம். படிக்கப் போகும் பிள்ளைகள் வெளியூரில் இருந்தாலும் பதிவேட்டில் பெற்றோர் முகவரியிலேயே இருக்கலாம் என்பது விதி. அதை வீடு வீடாகப் போய் ஓதினான். போலந்துக்காரர்கள் மீன் ஆலைக்கு வரத் தொடங்கியதும் பதிவுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆலை வாசலில் நின்றான். அவர்களில் ஒருவர், வியெஸ்லாவ் என்று பெயர், என் மேசைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, நான் மீன் வெட்ட வந்தவன். இந்தப் பெயிண்ட் கடைக்காரரு மாப்பிள்ள அழைக்கிற மாதிரி வாசல்ல நிக்கிறாரே, எதுக்கு?"

"உங்க தலைக்காக," என்றேன்.

"தலைக்கா?"

"பயப்படாதீங்க. எண்ணறதுக்கு மட்டும்."

எண்ணுவது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. யாருக்காவது குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டான், இரட்டையா என்று கேட்பான். மகள் இங்வில் ட்ரொண்ட்ஹெய்மில் ஒருத்தனோடு சேர்ந்து வாழப் போகிறேன் என்று போன் செய்தபோது, "அவன் இங்க வந்து பதிஞ்சுக்குவானா?" என்றானாம். இங்வில் போனை வைத்தவள் ஆறு மாதம் எடுக்கவில்லை. பதிவேட்டில் அவள் பெயர் இங்கேயே இருந்ததால் இவனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

இதையெல்லாம்கூட ரக்ன்ஃப்ரிட் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது முதியோர் இல்லத்து விவகாரம். அங்கே இருந்த நாற்பது பேரும் கோல்பெய்ன் கணக்கில் உண்டு. இரண்டாயிரத்து ஏழு இலையுதிர் காலத்தில் எண்ணிக்கை முதல் முறையாக ஐயாயிரத்தைத் தாண்டியது. ஜனவரி ஒன்றாம் தேதிக் கணக்கைத்தான் எங்கள் மன்றம் ஏற்கும் என்று தீர்மானமாகியிருந்தது. அதுவரை யாரும் சாகக் கூடாது, யாரும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. இல்லத்துக்கே போன் போட ஆரம்பித்தான்.

"ஹால்வார் எப்படி இருக்காரு?"

ஹால்வாருக்குத் தொண்ணூற்றாறு வயது. போனை எடுத்தது ரக்ன்ஃப்ரிட்.

"நெஞ்சுல சளி. ரொம்பக் கஷ்டப்படறாரு."

"புது வருஷம் தாண்டுவாரா?"

அவள் போனை வைத்துவிட்டாள். இந்தக் கதை ஹால்வார் காதுக்கும் போயிற்று. மனுஷன் மூச்சுத் திணறலுக்கு நடுவிலும் சிரித்தாராம். "அந்தப் பெயிண்ட் டப்பாகிட்ட சொல்லு, முப்பத்தொண்ணாந்தேதி ராத்திரி பதினொண்ணே முக்காலுக்குப் போறேன்னு." சொன்ன சொல்லைக் காப்பாற்ற உடம்பு விடவில்லை. டிசம்பர் எட்டாம் தேதி காலை ரக்ன்ஃப்ரிட்டின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

அவள் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஹால்வாரா?" என்று கேட்டான் கோல்பெய்ன்.

"ஆமா."

எழுந்து சமையலறை நாட்காட்டியில் போய் ஏதோ கிறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். அழுது சிவந்த கண்ணோடு எதிரில் நிற்கிறாள் பெண்டாட்டி. இவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினான். இவனை மனிதன் என்று எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை ரக்ன்ஃப்ரிட் என் மேசைக்கு வந்தாள். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து அவன்கிட்ட சொல்லிட்டேன், டூரிட். நான் போறேன்னு. அக்கா வீட்டுக்கு, ட்ரொண்ட்ஹெய்முக்கு. அங்க ஆஸ்பத்திரில வேல கெடைச்சிருக்கு."

"என்ன சொன்னான்?"

"பால்கஞ்சி தின்னுட்டிருந்தான். கரண்டிய கீழ வைக்கல. எப்போன்னு கேட்டான். இருவதாந்தேதின்னேன். மூஞ்சி வெளுத்துப்போச்சு. கரண்டி கீழ விழுந்துடுச்சு."

"ம்."

"கையப் புடிச்சான், டூரிட். புது வருஷம் வரைக்கும் இரு, ரெண்டாந்தேதி வரைக்கும் மட்டும் இருன்னு கெஞ்சினான். அவன் கெஞ்சி நீ பாத்திருக்கியா?"

"பாத்ததில்ல."

"எனக்கு முதல்ல கோவம் வந்துச்சு. எண்ணிக்கைக்காகத்தான் கேக்கறான்னு நெனச்சேன். கொம்பு வச்ச மானுக்காக டவுன தள்ளிப்போட்டவன், எனக்காக எதத் தள்ளிப்போட்டான்னு கேட்டுரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா கை நடுங்குச்சு அவனுக்கு." குனிந்து கோப்பையைப் பார்த்தாள். "இப்ப நம்பர் எவ்ளோ? நீ சொன்னா நம்புவேன்."

என் இழுப்பறையில் இருந்தது அந்தக் காகிதம். வெள்ளிக்கிழமை எண்ணிக்கை, அதில் ஹால்வாரைக் கழித்து நான் அன்று காலைதான் எழுதியிருந்தேன். சரியாக ஐயாயிரம். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. ரக்ன்ஃப்ரிட் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயசுக்காரி, பள்ளிக்கூடத்து நடனத்துக்கு யாராவது கூப்பிட மாட்டார்களா என்று சுவரோரம் நிற்கும் பெண்ணைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாயிரத்து ஏழு," என்றேன்.

"ஏழு பேரு கூடவா?"

"ஏழு பேரு கூட."

"அப்ப நான் போனாலும் அவனுக்கு ஒண்ணும் குறையாது."

"குறையாது."

அவள் காப்பியைக் குடித்தாள். முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனாள். ஏன் பொய் சொன்னேன் என்று அன்றே என்னை நானே கேட்டுக்கொண்டேன். இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் என்பதுதான் சரி. ஊர்க்காரர்களையெல்லாம் ஏளனம் செய்யும் என் வாய், உண்மை பேச வேண்டிய ஒரே தடவை மூடிக்கொண்டது.

அந்த மூன்று வாரமும் கோல்பெய்னைப் பார்த்த எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் அவள் கிளம்புமுன் வாசல் பனியை வாரி ஒதுக்கினான். ஜன்னலில் காகித நட்சத்திரம் கட்டினான். இருவரும் கடைத்தெருவில் சேர்ந்து நடந்தார்கள், அவள் கைப்பையை இவன் வாங்கிக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் பால்கஞ்சியில் ஒரே ஒரு பாதாம் பருப்பைப் போட்டு, யார் கிண்ணத்தில் வருகிறதோ அவர்களுக்குப் பாதாம் மாவில் செய்த பன்றிக்குட்டி மிட்டாய் தருவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ரக்ன்ஃப்ரிட் வேண்டுமென்றே அவன் கிண்ணத்தில் பருப்பைப் போட்டாள். அவன் மிட்டாயை வாங்கி, இரண்டாக வெட்டி, தலைப் பாதியை அவளுக்குக் கொடுத்தானாம். இங்வில் அன்று வந்திருந்தாள், அவளே என்னிடம் சொல்லி ஆச்சரியப்பட்டாள். "அப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா, டூரிட்?" என்று கேட்டாள்.

இருபத்தேழாம் தேதி ரக்ன்ஃப்ரிட் எனக்குப் போன் செய்தாள்.

"பெட்டிய பிரிச்சுட்டேன்," என்றாள்.

"எந்தப் பெட்டி?"

"கட்டி வச்ச பெட்டி. துணியெல்லாம் திருப்பி அலமாரில வச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்கு ரெண்டாந்தேதி போன் பண்ணி வரலன்னு சொல்லணும். அவன்கிட்ட இன்னும் சொல்லல. புது வருஷம் விடியட்டும், காப்பி போடும்போது சொல்லிக்கறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நல்லதா போச்சு" என்றேன்.

ஜனவரி ஒன்று கழிந்தது. அன்று யாரும் சாகவில்லை. ஐயாயிரம் ஐயாயிரமாகவே நின்றது. இரண்டாம் தேதி அலுவலகத்தைத் திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ரக்ன்ஃப்ரிட் உள்ளே வந்தாள். தலையில் பனித்துகள், கையில் பெட்டி. மேசைக்கு முன்னால் பெட்டியை வைத்துவிட்டு முகவரி மாற்றப் படிவம் கேட்டாள். கொடுத்தேன். எழுதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"காலைல எனக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டான். மேல போய்ப் பெட்டிய எடுத்துட்டு வந்து சமையக்கட்டு நாற்காலி மேல வச்சான். அலமாரில இருந்து என் துணிய அவனே எடுத்து மடிச்சு வச்சிருக்கான். கார் எஞ்சின் சூடாகறதுக்கு ஒயர மாட்டிட்டு வந்து, 'மணி எட்டாவுது, கார் ரெடி'ன்னான். 'எங்க போறோம்?'னு கேட்டேன்."

பழைய முகவரியை எழுதி முடித்தாள்.

"'நீதான போறேன்ன, ரெண்டாந்தேதி வரைக்கும் இருன்னு கேட்டேன், இருந்த, ரொம்ப நன்றி'ன்னான். கிண்டல் பண்ணல, டூரிட். மனசார நன்றி சொன்னான். கைகூடக் குடுத்தான்."



"நம்பர் சரியா எவ்ளோ?" என்றாள்.

"ஐயாயிரம்."

தலையை ஆட்டினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீயாவது சொல்லியிருக்கலாம்," என்றாள், அவ்வளவுதான்.

"தேதிய டிசம்பர் முப்பதுன்னு போடு," என்றேன். "நான் கண்ண மூடிட்டு முத்திர குத்தறேன். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது. நகரமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். அவன் சாகறவரைக்கும் ஒருத்தர் குறைவா எண்ணிட்டுக் கெடக்கட்டும்."

அவள் யோசித்தாள். நான் பொய் சொல்லவில்லை, அவள் யோசிக்கத்தான் செய்தாள். பிறகு தேதிக் கட்டத்தில் ஜனவரி இரண்டு என்று எழுதினாள்.

"இன்னிக்குத்தான் போறேன்," என்றாள். "முப்பதாந்தேதி நான் அந்த வீட்டுல சந்தோஷமா இருந்தேன். அத ஏன் அழிக்கணும்?"

பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கதவு வரை கூடப் போக எனக்கு முகமில்லை. முத்திரை குத்தி, படிவத்தை மேசைமேல் வைத்தேன்.

பதினோரு மணிக்குக் கோல்பெய்ன் வந்தான். ஷூவில் ஒட்டிய பனியை வாசலில் கவனமாகத் தட்டினான். குல்லாவைக் கழற்றி, மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ரக்ன்ஃப்ரிட் வந்தாளா?"

"வந்தா."

"என்ன தேதி போட்டா?"

படிவத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். அவன் விரலை வைத்து வரி வரியாகத் தேடினான். மேல் வரியில் அவள் புது முகவரி இருந்தது, தெருவின் பெயர், வீட்டு எண், அக்காவின் தொலைபேசி எண் எல்லாம் கொட்டை எழுத்தில். விரல் அதன்மேல் நிற்காமல் கடந்து போய்த் தேதிக் கட்டத்தில் நின்றது. முகமெல்லாம் மலர்ந்தது.

"பாத்தியா," என்றான், "அவ ஒருநாளும் ஏமாத்த மாட்டா."

குல்லாவை மாட்டிக்கொண்டு தலைவரின் அறைப்பக்கம் வேகமாக நடந்தான்.